யாருமில்லாத வீட்டில் அலாரம் ஏன் அடிக்கிறது?

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு வயதான ஆயா இருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதி, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் என்று 1960களில் கட்டிய ஒட்டு வீடு. போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று ராத்திரி அவர் வீட்டு சைரன் அலறியது. மூன்று தடவையும் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ், அதாவது காவல் கம்பெனியின் ஆயுதக் காவலர்கள் வண்டி வந்து, டார்ச் அடித்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. நாலாவது நாள் அவர் மகன் அலாரத்தின் கீபேடில், ஹாலில் நடமாட்டத்தைப் பார்க்கும் வயர்லெஸ் சென்சாரை பைபாஸ் செய்துவிட்டார், அதாவது அதை மட்டும் அலாரம் கண்டுகொள்ளாதபடி விட்டுவிட்டார். அதற்கப்புறம் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள், ஹாலுக்கு மட்டும் காவல் இல்லை.

இதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. நான் மின்வேலை செய்கிறவன், அலாரம் மாட்டுவதும் அதில் சேர்த்தி. "கொஞ்ச நாளைக்கு" என்று பைபாஸ் செய்த சென்சாரை யாரும் ஞாபகமாகத் திரும்பச் சேர்த்து நான் பார்த்தது அபூர்வம். சென்சார் காரணமில்லாமல் கத்துவதும் கிடையாது. அது எதையோ பார்த்திருக்கிறது, அல்லது அதன் பேட்டரியோ ரேடியோவோ திணறுகிறது. எது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், மீதியை உங்கள் வீடே சொல்லும்.

இங்கே அதை எல்லோரும் 'பாசிவ்' என்றுதான் சொல்கிறோம். பெயர் சரியான பெயர்தான். அது எதையும் வெளியே அனுப்பித் தேடுவதில்லை, வருகிற வெப்பத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கிறது. நம் உடம்பு ஓயாமல் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 32 முதல் 34 டிகிரி இருக்கும், சுவரும் தரையும் சாதாரணமாக அதைவிடக் குளிர்ச்சி. பெட்டிக்குள் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு உலோக மூடி, அதில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் இந்தக் கதிரை உணரும் இரண்டு தகடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருப்பார்கள். அறை முழுக்க மெல்லச் சூடேறினால் இரண்டுக்கும் ஒரே அளவு படும், ஒன்றை ஒன்று கழித்துவிடும், எதுவும் ஆகாது. ஒரு தகடு முதலில் வெப்பத்தைப் பார்த்து, அடுத்த நொடி மற்றது பார்த்தால்தான் மேலும் கீழுமாக ஒரு துடிப்பு வரும். அந்தத் துடிப்புக்குப் பெயர்தான் 'நடமாட்டம்'.

முன்னால் இருக்கிற பால் நிறப் பிளாஸ்டிக்கைக் கிட்டே போய்ப் பாருங்கள், வரிவரியாகப் பள்ளம் தெரியும். அது ஒரு வகை லென்ஸ். கலங்கரை விளக்கத்துக்காக 1820களில் பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் கொண்டுவந்த அதே யோசனைதான், இங்கே பிளாஸ்டிக்கில் சின்னதாக வந்திருக்கிறது. அது அறையை விசிறி மடிப்பு மாதிரி பல பட்டைகளாகப் பிரிக்கிறது, ஒரு பட்டை பார்க்கும், அடுத்த இடைவெளி பார்க்காது. மூங்கில் தட்டியின் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? யாராவது குறுக்கே நடந்தால் தெரிந்து மறைந்து தெரிந்து மறைந்து போவார்கள். நம்மை நோக்கி நேராக வந்தால் ஒரே இடுக்கிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். சென்சாருக்கும் அப்படித்தான். குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும், நேரே அதை நோக்கி வருபவரைத் தாமதமாகப் பிடிக்கும். அதனால்தான் நல்ல டெக்னீஷியன் கதவுக்கு நேர் எதிரே மாட்ட மாட்டார். கதவிலிருந்து உள்ளே வருகிறவர் அதன் பார்வையைக் குறுக்கே வெட்டிப் போகிற மாதிரி ஒரு மூலை தேடுவார், உயரம் 2.1லிருந்து 2.4 மீட்டருக்குள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் ஆளை இந்த சென்சாரால் பார்க்க முடியாது, உடம்பிலிருந்து வருகிற அந்த அலைநீளத்துக்குக் கண்ணாடி ஒரு சுவர். "தெருவில் யாரோ போனதால் அடித்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வெயில் கண்ணாடி வழியாக வரும், வந்து தரையையும் திரையையும் சூடாக்கும். அந்தச் சூடான திரை அசைந்தால் சென்சார் பார்க்கும்.

சரி, இதுவரை சொன்னது கண். வயர்லெஸ் என்பதால் கூடவே ஒரு வயிறும் ஒரு வாயும் இருக்கிறது, பேட்டரியும் ரேடியோவும். இந்த மூன்றில் எது கெட்டது என்று பிரிப்பதுதான் வேலையே. ஒயர் போட்ட பழைய பாசிவுக்குப் பேனலிலிருந்து, அதாவது அலாரத்தின் தலைமைப் பெட்டியிலிருந்து, எப்போதும் மின்சாரம் வரும், அதனால் அது நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கலாம். வயர்லெஸ் சென்சார் ஒரு சின்ன செல்லை வைத்து ஒன்றிரண்டு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஓட வேண்டும், அதனால் மகா சிக்கனம். ஒரு தடவை "ஆள் தெரிகிறது" என்று பேனலுக்குச் சொல்லிவிட்டால் அப்புறம் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காது. பல மாடல்களில் இது மூன்று நிமிடம் அளவு. அந்த மூன்று நிமிடத்துக்குள் நீங்கள் எதிரே நின்று குதித்தாலும் விளக்கு எரியாது. "கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன் தம்பி, செத்துப் போச்சு, புதுசு போட்டுடு" என்று என்னைக் கூப்பிட்ட வீடுகள் எத்தனையோ. அது செத்துப் போகவில்லை, தூங்கியது. சோதிக்க வேண்டும் என்றால் அறையை விட்டு வெளியே போய், கதவைச் சாத்தி, ஐந்து நிமிடம் யாரையும் உள்ளே விடாமல் இருந்து, அப்புறம் நடந்து பாருங்கள். அல்லது கையேட்டில் 'வாக் டெஸ்ட்' என்று ஒரு முறை இருக்கும், அதை இயக்கினால் சென்சார் தூங்காமல் ஒவ்வொரு அசைவுக்கும் விளக்கைக் காட்டும். முடிந்ததும் அந்த முறையிலிருந்து வெளியே வர மறக்காதீர்கள், இல்லையென்றால் பேட்டரி மளமளவென்று தீரும்.

திறந்து பார்ப்பதற்கு முன்னால் ஒரு போன் கட்டாயம். மூடிக்குள் 'டேம்பர்' என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது, மூடியைக் கழற்றிய நொடியே அது பேனலுக்குச் சொல்லிவிடும். அலாரம் அணைந்திருந்தாலும் பல பேனல்களில் டேம்பர் போகும். எனவே காவல் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, வீட்டு முகவரியும் கடவுச்சொல்லும் சொல்லி, "ஒரு மணி நேரம் டெஸ்ட்டில் போடுங்கள்" என்று கேளுங்கள். துப்பாக்கியோடு இரண்டு பேர் பதற்றமாக ஓடி வருவதும், உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிற வேறொரு வீட்டுக்கு அவர்கள் தாமதமாகப் போவதும் நம்மால் நடக்க வேண்டாம். வேலை முடிந்ததும் மறுபடி கூப்பிட்டு, டெஸ்ட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஏணியைத் தொடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, பேனலின் நினைவகத்தைப் படிப்பது. எந்த சோன் (எந்த சென்சாரின் இடம்), எந்தத் தேதி, எத்தனை மணி என்று அது வைத்திருக்கும், கீபேடிலோ போன் செயலியிலோ பார்க்கலாம். ஒரு காகிதத்தில் எழுதுங்கள், பக்கத்திலேயே அன்று காற்றா, மழையா, கரண்ட் போனதா என்றும் ஒரு வார்த்தை எழுதுங்கள். நாலைந்து வரி சேர்ந்ததும் பெரும்பாலும் விடை அதிலேயே இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் என்றால் வெயில் அல்லது டைமரில் ஓடும் ஏதோ ஒன்று. காற்றடித்த நாளில் என்றால் திரை. கரண்ட் திரும்பி வந்த நேரத்தோடு ஒத்துப்போனால் தானாக ஓட ஆரம்பித்த ஏர்கான் அல்லது ஃபேன். நேரமே ஒழுங்கில்லாமல், ஆனால் எப்போதும் ராத்திரியில் என்றால் உயிருள்ள ஏதோ ஒன்று.

வெயிலைப் பற்றி ஒரு விஷயம், ஊரிலிருந்து புதிதாக இங்கே வந்தவர்கள் தவறவிடுவது. நாம் பூமியின் தெற்குப் பாதியில் இருக்கிறோம், இங்கே வெயில் வடக்கு ஜன்னல் வழியாக வரும். டிசம்பர் கோடையில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்பதால் அறைக்குள் அதிகம் விழாது. ஜூன் மாதக் குளிர்காலத்தில் அதே சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 37 டிகிரி கோணத்தில்தான் இருக்கும், சாய்வாக அறையின் நடுவரை வந்து விழும். மேகம் வந்து வந்து விலகினால் தரையின் அந்தத் துண்டு சூடாகி ஆறி சூடாகும். "ஆறு மாதமாக ஒழுங்காக இருந்தது, குளிர்காலத்தில் பகலில் அடிக்கிறது" என்று ஒரு வீட்டில் சொன்னால் நான் முதலில் வடக்கு ஜன்னலைத்தான் பார்ப்பேன். சென்சாரை ஜன்னலுக்கு எதிராக வைக்காமல், ஜன்னல் இருக்கிற சுவரிலேயே வைத்து உள்ளே பார்க்க விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று உண்டு, சாமி விளக்கு. காற்றில் ஆடுகிற சுடரும் அதற்கு மேலே எழும்புகிற சூடான காற்றும் கிட்டத்தில் இருக்கிற சென்சாருக்கு நடமாட்டமாகவே தெரியலாம். வெள்ளிக்கிழமையோ காவடி நாளிலோ விளக்கேற்றி வைத்துவிட்டு, அலாரத்தைப் போட்டுவிட்டு, குடும்பமாகக் கோயிலுக்குப் போகிறோம். பாதி வழியில் போன் வருகிறது. பூஜை மூலையை நோக்கி சென்சாரைத் திருப்பாதீர்கள். அதைவிட முக்கியம், ஆளில்லாத வீட்டில் எரிகிற விளக்கை விட்டுப் போகாதீர்கள். பிறந்தநாள் முடிந்து கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாயு பலூனும் ராத்திரி மெல்ல இறங்கி வந்து இதே வேலையைச் செய்யும்.

நாய், பூனை இருக்கிற வீட்டுக்கு 'பெட்' வகை என்று விற்பார்கள், பெட்டியில் 18 கிலோ, 25 கிலோ என்று எண் போட்டிருக்கும். அது எடை பார்க்கிற தராசு இல்லை. தரையை ஒட்டிய பட்டைகளை விட்டுவிட்டு மேலே பார்க்கிற மாதிரி லென்ஸ், சின்ன உருவத்தை ஒதுக்குகிற மாதிரி கணக்கு, அவ்வளவுதான் அதன் ரகசியம். தரையில் போகும் நாயை விட்டுவிடும், சோபா முதுகில் ஏறி நிற்கும் பூனையைப் பிடித்துவிடும். டர்பனில் இதைவிடப் பெரிய தொல்லை குரங்கு. கறுப்பு முகமும் சாம்பல் உடம்புமான வெர்வெட் குரங்குகள் பர்க்லர் கார்டு என்னும் ஜன்னல் பாதுகாப்புக் கம்பி வழியாகக் குட்டியை உள்ளே விட்டு வாழைப்பழம் எடுக்கிற ஆட்கள். ஐந்தாறு கிலோ தான் எடை, ஆனால் சமையல் மேடைக்கும் அலமாரிக்கும் தாவும். எந்தப் பெட் சென்சாரும் அதைத் தாங்காது. சமையலறை ஜன்னலில் வலை அடிப்பதுதான் மருந்து. வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் சென்சாருக்கு வேறு சில தொல்லைகள் உண்டு. எதிரே வாழை மரம் இருந்தால் வெயிலில் சூடான இலை காற்றில் ஆடுவதே போதும், புல்வெளியில் அதிகாலையில் இறங்கும் ஹடீடா பறவைகள் அப்புறம். முதலில் கிளையை வெட்டுங்கள், உணர்திறனைக் குறைப்பது கடைசி. உணர்திறனைக் குறைத்தால் குரங்கோடு சேர்ந்து திருடனும் தப்பித்துவிடுவான்.

இனி ஆயா வீட்டுக்கு வருகிறேன். நினைவகத்தில் மூன்று நேரங்கள் இருந்தன: 1.50, 3.15, 12.40. ஒழுங்கில்லை, எல்லாம் ராத்திரி. கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன். சென்சாரின் அடிப்பக்கம் ஒரு திருகு, அதைத் தளர்த்தி மூடியை முன்னால் இழுத்ததும் உள்ளே மணிமணியாகக் கறுப்பும் நுனியில் வெள்ளையுமாகப் பல்லி எச்சம். பின்பக்கம் ஒயர் போடுவதற்காக விட்டிருக்கும் துளை, வயர்லெஸ் என்பதால் யாரும் அதை அடைக்கவில்லை, அதன் வழியாகத்தான் உள்ளே போய்வந்திருக்கிறது. லென்ஸின் உள்பக்கத்தில் காலடித் தடம் மாதிரி மங்கலான புள்ளிகள் வேறு. பல்லிக்கு உடம்பு குளிர்ச்சிதானே, அது எப்படி என்று ஆயா கேட்டார். நல்ல கேள்வி. நாலு மீட்டர் தள்ளி சுவரில் ஓடினால் சென்சாருக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் உணரும் தகடுகளுக்கு ஒரு விரல்கடை முன்னால் குறுக்கே போனால், கண்ணுக்கு நேரே கட்டைவிரலை வைத்த மாதிரி, அதுதான் உலகமே. பின்னாலிருக்கும் சுவரிலிருந்து வருகிற கதிரை ஒரு நொடி மறைத்துத் திறந்தாலே துடிப்பு வந்துவிடும். லென்ஸில் வலை கட்டுகிற சிலந்தியும், கூட்டமாக உள்ளே போகிற எறும்பும் இதே கதைதான்.

பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைத் தொடாமல் பெட்டியை மட்டும் துடைத்தேன். அந்த உலோக மூடியின் ஜன்னலில் விரல் படக் கூடாது, கை எண்ணெய் படிந்தாலும் பார்வை மங்கும். லென்ஸை ஈரத் துணியால் மட்டும். பின்துளைகளை சிலிக்கான் பசையால் அடைத்தேன். ஒரு வேண்டுகோள்: பூச்சி மருந்தை சென்சார் மேல் நேராக அடிக்காதீர்கள். அந்த எண்ணெய் லென்ஸில் படிந்து பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், அப்புறம் அது எதையும் சரியாகப் பார்க்காது. சுற்றியுள்ள சுவரில் துணியால் தடவுங்கள், போதும்.

எதிர்ப் பக்கத்துப் பிரச்சினைதான் எனக்கு அதிகக் கவலை. ஆள் நடந்தும் அடிக்காத சென்சார். இது சத்தம் போடாது, யாருக்கும் தெரியாது, தேவைப்படும் அன்றுதான் தெரியும். பாதி நேரம் காரணம் மரச்சாமான். மாட்டியபோது காலியாக இருந்த மூலையில் இப்போது உயரமான அலமாரி, அதற்குப் பின்னால் அறையின் பாதி மறைந்துவிட்டது. சுவருக்கு வண்ணம் அடித்தவர் லென்ஸ் மேலும் ஒரு கை இழுத்துவிட்டுப் போன வீடும் பார்த்திருக்கிறேன். அப்புறம் வெப்பம். சென்சார் பார்ப்பது வித்தியாசத்தை என்று சொன்னேன் இல்லையா, அறையே 33 டிகிரிக்கு வந்துவிட்டால் உடம்புக்கும் சுவருக்கும் வித்தியாசம் ஏது? பூட்டிய வீட்டில் பிப்ரவரி மாத மத்தியானத்தில் இது நடக்கும். பெர்க் காற்று அடிக்கிற ஆகஸ்ட் நாளில், உள்நாட்டு மலைப்பக்கமிருந்து உலர்ந்த அனல் இறங்கும்போதும் நடக்கும். நல்ல சென்சார்கள் வெப்பநிலைக்கு ஏற்ப உணர்திறனைத் தாங்களே கூட்டிக்கொள்ளும், மலிவானவை அதைச் சரியாகச் செய்வதில்லை. எனவே ஒரு சோதனையைச் சூடான நாளின் மத்தியானத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று பிடித்தால் வெப்பத்தைப் பற்றிய கவலை இல்லை. ஜன்னல் கதவுகளில், திறந்தால் சொல்லும் காந்த சென்சாரும் போட்டு வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான், அதற்கு வெயிலும் தெரியாது, பல்லியும் தெரியாது.

கண் சரியாக இருக்கிறது என்றால் அடுத்து பேட்டரி. பல மாடல்களில் சிஆர்123ஏ என்ற 3 வோல்ட் லித்தியம் செல், சிலவற்றில் டபுள் ஏ. மல்டிமீட்டரை வைத்து "3 வோல்ட் காட்டுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். லித்தியம் செல் தீரும் தறுவாயிலும் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய நல்ல எண்ணையே காட்டும். ரேடியோ பேசுகிற அந்தக் கணத்தில்தான் சரியும், சரிந்தால் செய்தி பாதியில் அறுந்துபோகும், அல்லது சென்சார் தானாக அணைந்து மறுபடி எழுந்து பொய்யாக ஒரு தடவை கத்தும். சந்தேகமாக இருந்தால் மாற்றிவிடுங்கள், ஒரு செல்லின் விலை ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு ஈடில்லை. கையேட்டில் போட்டிருக்கும் வகையே வேண்டும். சார்ஜ் ஏற்றுகிற டபுள் ஏ 1.2 வோல்ட்தான், அது சரிவராது. இரண்டு செல் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதை எடுத்ததும் உடனே புதியதைப் போடாமல் ஒரு நிமிடம் விடுங்கள், உள்ளே தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் வடியட்டும், இல்லையென்றால் சென்சார் பழைய குழப்பத்திலேயே எழுந்திருக்கும். போட்ட பின்பு ஒரு நிமிடம் எதிரே நிற்காதீர்கள், அந்த நேரத்தில்தான் அது அறையைப் பழகிக்கொள்கிறது.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. உப்புக் காற்றில் பேட்டரி தொடும் தகடுகள் பச்சையாகப் பூத்துவிடும். பேட்டரி புதியது, ஆனால் மின்சாரம் போகாது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் ரப்பரால் தேய்த்துத் துடைத்தாலே போதும்.

மூன்றாவது, ரேடியோ. இங்கே சென்சார்கள் பெரும்பாலும் 433 அல்லது 868 மெகாஹெர்ட்ஸில் பேசும். பெட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. நம் வீட்டில் செங்கல் சுவர், இரும்புக் கம்பி ஜன்னல், இரும்புப் பாதுகாப்புக் கதவு, கூரைக்கடியில் வெயிலைத் தடுக்க விரித்த அலுமினியத் தாள் எல்லாம் இருக்கின்றன, பின்னால் கட்டிய அவுட்பில்டிங்கிலிருந்து செய்தி வருவதற்குள் அது களைத்துவிடும். சென்சார் அவ்வப்போது "நான் இருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பும், சில வகைகளில் நிமிடக் கணக்கில், சில வகைகளில் மணிக் கணக்கில். அது பல தடவை வராமல் போனால்தான் பேனல் 'சென்சாரைக் காணோம்' என்று காட்டும். ஆக இன்று காட்டுகிற தொல்லை நேற்றே தொடங்கியிருக்கலாம்.

இதற்கு ஒரு எளிய கைவேலை. 433 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதி சில இடங்களில் ஒன்றை ஒன்று அழித்துவிடும், அந்தக் குழிக்குள் உங்கள் சென்சார் மாட்டியிருக்கலாம். கால் அலை தூரம், அதாவது ஒரு சாண் அளவு நகர்த்தினாலே குழியிலிருந்து வெளியே வந்துவிடும். ஆணி அடிப்பதற்கு முன் இரட்டைப் பக்க டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, பேனலில் சிக்னல் அளவைப் பார்த்து, அப்புறம் நிரந்தரமாக்குங்கள். நகர்த்தியும் தேறவில்லை என்றால் நடுவில், செய்தியை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் போட வேண்டும். பேனலையும் பாருங்கள். 2022, 2023இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்துக்குப் போனபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது, நிறையப் பேர் அதை அலாரம் பேனலுக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். இன்வெர்ட்டரும் மலிவான எல்இடி விளக்கும் ரேடியோ இரைச்சல் போடும். இரைச்சலில் மெல்லிய குரல் எப்படிக் கேட்கும்? தள்ளி வைத்தால், அல்லது ஒரு மணி நேரம் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கார் நிறுத்துமிடங்களில் ரிமோட்டின் ரேடியோவை முடக்கி, காரைப் பூட்ட விடாமல் செய்யும் திருட்டு நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதே தந்திரம் வீட்டு அலாரத்துக்கும் பொருந்தும். பல பேனல்களில் இந்த முடக்கத்தைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் இயக்காமல் விட்டிருப்பார்கள். டெக்னீஷியனிடம் கேட்டு இயக்கச் சொல்லுங்கள்.

எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் சென்சார்களைக் கழற்ற வேண்டாம். பத்துப் பேட்டரி ஒரே நிமிடத்தில் சாகாது. இரைச்சலோ முடக்கமோ இல்லை என்றால் அது பேனலின் தொல்லை, பெரும்பாலும் அதன் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி. கரண்ட் போனதும் அது தாங்கவில்லை என்றால் ரேடியோவைக் கேட்கும் பகுதி தடுமாறி அணைந்து எழும். லோட் ஷெட்டிங் உச்சத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வடிந்து வடிந்து ஏறிய பேட்டரிகள் இவை. 2024 மார்ச் இறுதிக்கு அப்புறம் லோட் ஷெட்டிங் பெரும்பாலும் நின்றுவிட்டது, பேட்டரிகளைப் பற்றி யாரும் நினைப்பதும் நின்றுவிட்டது. பேனலுக்குப் போகும் மின்சாரத்தை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள், பேட்டரியில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் காலம் முடிந்தது. பேனல் பெட்டிக்குள் 220, 230 வோல்ட் இருக்கிறது, மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர் அதைத் திறக்கக் கூடாது. அந்த வேலைக்கு பிசிரா என்னும் தனியார் பாதுகாப்புத் துறை ஆணையத்தில் பதிவு செய்தவரைக் கூப்பிட்டு, பதிவு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டின் பாதுகாப்பு முழுவதையும் காட்டிக் கொடுக்கிறோம், கேட்பதில் தப்பே இல்லை.

கடைசியாக, எதுவுமே பிடிபடாதபோது நான் செய்வது. தொல்லை தரும் சென்சாரையும் ஒழுங்காக இருக்கும் இன்னொரு அறைச் சென்சாரையும் அப்படியே இடம் மாற்றி ஒரு வாரம் விடுவேன். தொல்லை சென்சாரோடு கூடவே போனால் சென்சார்தான் கெட்டது. அதே அறையிலேயே தங்கிவிட்டால் அந்த அறையில் ஏதோ இருக்கிறது, புதுச் சென்சார் வாங்கினாலும் தீராது. இந்த ஒரு வாரம் எத்தனையோ பேருக்குப் புதுச் சென்சார் வாங்கும் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது. சோன் பெயர்கள் மாறியிருக்கும் என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, கீபேட் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், காவல் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

ஆயா வீட்டில் அந்த அளவுக்குப் போக வேண்டி வரவில்லை. மூடியைப் போட்டு, பேட்டரியையும் மாற்றி, உள்பக்கத்தில் தேதியை எழுதி ஒட்டினேன். வாக் டெஸ்ட்டில் போட்டதும், "நீ நடந்தால் உனக்குத்தான் தெரியும், நான் நடந்து பார்க்கிறேன்" என்று ஆயா எழுந்தார். கைத்தடியை ஊன்றி, சமையலறை வாசலிலிருந்து ஹாலைக் குறுக்கே வெட்டி மெல்ல நடந்தார். மூன்றாவது அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பி வரும்போதும் எரிந்தது. மகன் கீபேடுக்குப் போய் பைபாஸை எடுத்தார்.